நாள் குறிக்காத நம்பிக்கை

வானொலி மறையுரை
ஆண்டின் பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, 2020 ஆகஸ்ட் 9



இன்றும் தளர்வில்லா முழு ஊரடங்கு. இந்த மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாமே இப்படித்தான். தெருவில் நடமாட்டம் இல்லை. காலையில் கோவில் மணி அடித்தோம்; மணி ஓசை கேட்டு வருவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. மார்ச் 25 தொடங்கி எண்ணினால் இன்று 138ஆம் நாள்.

அந்த முதல் நாளை நினைத்துப் பார்ப்போம். 21 நாள் என்றார்கள். ஏப்ரல் 14 வரை என்றார்கள். குருத்து ஞாயிறும் புனித வாரமும் உயிர்ப்புப் பெருவிழாவும் அதற்குள் போய்விடுமே என்று மனம் கலங்கியது. ஆனாலும், "21 நாள்தானே, பொறுத்துக்கொள்வோம்" என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். பிறகு மே 3 என்றார்கள். பிறகு மே 17. பிறகு மே 31. அதன்பின் ஜூன் 30, ஜூலை 31. இப்போது ஆகஸ்ட் 31 என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து வைத்தோம். அந்தத் தேதி வந்தது, போனது. கதவு திறக்கவில்லை.

இப்படிக் காத்திருந்து காத்திருந்து நம் மனத்துக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதைப் பற்றியும், அதற்கு இறைவார்த்தை என்ன மருந்து தருகிறது என்பதைப் பற்றியும் இன்று சற்றுச் சிந்திப்போம்.

முதலில் எங்கள் பங்கில் நடந்த ஒன்று. சம்பந்தப்பட்ட தாயின் அனுமதியோடுதான் சொல்கிறோம். ஏப்ரல் மாதத்தில் அவருடைய கணவர் இறந்துபோனார். கொரோனா அல்ல, நெடுநாள் இதய நோய். அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது விதி. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகன் வர முடியவில்லை. அப்பாவின் முகத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தார். கட்டிப்பிடித்து அழ ஆளில்லாமல் அந்தத் தாய் வீட்டுக்குத் திரும்பினார். சில நாட்கள் கழித்து எங்களை அழைத்தார்: "சாமி, முப்பதாம் நாள் பூசையாவது நல்லபடியா வைக்கணும். சொந்தக்காரங்க எல்லாரும் வரணும். எப்ப கோவில் திறப்பீங்க?"

"மே 3க்கு அப்புறம் வைத்துவிடலாம் அம்மா" என்றோம். மே 3 வந்ததும் "17க்கு அப்புறம்" என்றோம். அதன்பிறகு "ஜூனில் கண்டிப்பாக" என்றோம். அவரைத் தேற்றத்தான் சொன்னோம். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கும் அந்த நம்பிக்கை தேவைப்பட்டது. ஜூலையில் மறுபடி பேசியபோது அவர் சொன்னார்: "சாமி, இனிமேல் தேதி சொல்லாதீங்க. நீங்க ஒவ்வொரு தேதி சொல்லி அது தள்ளிப்போகும்போதெல்லாம், அவர் அன்னைக்குத்தான் செத்த மாதிரி இருக்கு."

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தொலைபேசியை வைத்தோம்.

சகோதரர்களே, இந்த வாரம் திங்கட்கிழமைத் திருப்பலியின் முதல் வாசகம் இறைவாக்கினர் எரேமியா நூலின் 28ஆம் அதிகாரம். ஆளில்லாத கோவிலில் அதை வாசித்தபோது அந்தத் தாயின் குரல்தான் காதில் கேட்டது. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன்பு, பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் எருசலேமின் அரசனையும் தலைவர்களையும் கைவினைஞர்களையும் நாடு கடத்திக்கொண்டு போனான். ஆண்டவரின் இல்லத்துப் பாத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போனான். எருசலேமில் மிஞ்சியவர்களும் சரி, பாபிலோனில் அடைபட்டுக் கிடந்தவர்களும் சரி, எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "இது எப்போது முடியும்?"

அப்போது அனனியா என்ற இறைவாக்கினர் ஆண்டவரின் இல்லத்தில், குருக்கள் முன்னிலையில், மக்கள் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று தேதி சொன்னார். இரண்டே ஆண்டு, பாத்திரங்கள் திரும்பி வரும், அரசன் திரும்பி வருவான், போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றார். கூட்டம் எவ்வளவு மகிழ்ந்திருக்கும்! எரேமியா தம் கழுத்தில் மர நுகம் ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றார். வரவிருக்கும் அடிமைத்தனத்தின் அடையாளம் அது. அனனியா அதைப் பிடுங்கி முறித்தே போட்டார்.

எரேமியா என்ன செய்தார்? இதை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். அவர் முதலில் "ஆமென்" என்றார். ஆண்டவர் அப்படியே செய்வாராக என்றார். அதாவது, சீக்கிரம் முடிய வேண்டும் என்ற ஆசை எரேமியாவுக்கும் இருந்தது. அவர் கல்நெஞ்சர் அல்லர். மக்களின் துன்பத்தை நினைத்து இரவும் பகலும் அழுதவர். ஆனால் ஆசை வேறு, ஆண்டவரின் வாக்கு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். மர நுகத்தை முறித்த இடத்தில் இரும்பு நுகம் வரும் என்று பின்னர் ஆண்டவர் அவர் வழியாகச் சொல்ல வைத்தார்.

மர நுகம் இரும்பு நுகமாவது எப்படி? அந்தத் தாய் சொன்னாரே, அப்படித்தான். துன்பம் ஒரு பாரம். அதன்மேல், "இதோ முடிந்துவிடும்" என்று குறித்த தேதி பொய்த்துப்போவது இன்னொரு பாரம். மே 3 பொய்த்தபோது வருத்தம். மே 17 பொய்த்தபோது கோபம். ஜூன் 30 பொய்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை, மனம் மரத்துப்போயிற்று. மரத்துப்போன மனத்துக்கு மன்றாட வராது. பிள்ளைகளைக் கொஞ்ச வராது. நாளை எழுந்திருக்கவும் தோன்றாது. இரும்பு நுகம் என்பது இதுதான். எங்கள் பங்கில் அனனியாவின் வேலையைச் செய்தது நாங்கள்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இந்த மன நிலையைத் திருஅவை இன்று புதிதாகச் சந்திக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுப் பாலைநிலத்தில் தனித்தனிக் குடில்களில் வாழ்ந்த துறவிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவரான எவாக்ரியுஸ் இதைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். நண்பகல் பேய் என்று அதற்குப் பெயர். அது பிடித்த துறவிக்குப் பொழுதே நகராது. ஒரு பகல் ஐம்பது மணி நேரம் போலத் தோன்றும். அடிக்கடி சன்னலைப் பார்ப்பார். யாராவது வருகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்ப்பார். இருக்கிற இடமே வெறுத்துப்போகும். செய்கிற வேலை கசக்கும். கூட இருக்கிறவர்களுக்கு என்மேல் அன்பே இல்லை என்று தோன்றும். நமக்காகவே எழுதியது போல இல்லையா? சன்னலுக்குப் பதில் நம் கையில் கைப்பேசி இருக்கிறது. விழித்ததும் எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்க்கிறோம். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்கிறோம்.

வனத்து அந்தோணியாருக்கும் இந்தச் சோர்வு வந்தது என்று பாலைநிலத் தந்தையர் மரபு சொல்கிறது. என்ன செய்வேன் ஆண்டவரே என்று அவர் கலங்கியபோது, தம்மைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதைக் கண்டார். அந்த மனிதர் சற்று நேரம் கயிறு திரித்தார். பிறகு எழுந்து மன்றாடினார். மறுபடி உட்கார்ந்து கயிறு திரித்தார். மறுபடி எழுந்து மன்றாடினார். அவர் ஆண்டவர் அனுப்பிய வானதூதர். இப்படிச் செய், பிழைத்துக்கொள்வாய் என்பதே அந்தோணியாருக்குக் கிடைத்த பதில். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கைக்கு ஒரு வேலை, நேரத்துக்கு ஒரு மன்றாட்டு, மறுபடி வேலை.

இனி எரேமியாவிடம் திரும்புவோம். அனனியாவை மறுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. பாபிலோனில் இருந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எழுபது ஆண்டு ஆகும் என்று அதில் எழுதினார். அப்படியென்றால் கடிதத்தை வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப்போவதில்லை. இப்படிப்பட்ட செய்தியைச் சொல்லிவிட்டு அவர் என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள். மணம் முடித்துப் பிள்ளைகளைப் பெறுங்கள். நீங்கள் இருக்கும் நகரின் நலனை நாடுங்கள், அதற்காக மன்றாடுங்கள் என்றார். எல்லாம் முடிந்தபிறகு வாழலாம் என்று வாழ்க்கையை மூட்டை கட்டி வைக்காதீர்கள். இருக்கிற இடத்தில் இன்றே வாழுங்கள் என்பதே அந்தக் கடிதத்தின் பொருள்.

இதை நம் வீடுகளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

வீடு கட்டுங்கள் என்கிறார். நமக்கு வீடு இருக்கிறது. அதில் ஒழுங்கு குலைந்து போயிருக்கிறது. தூங்கும் நேரம், எழும் நேரம், சாப்பிடும் நேரம் எல்லாம் மாறிப்போயிற்று. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இணைய வகுப்புக்கு ஒரே ஒரு கைப்பேசி. யார் முதலில் படிப்பது என்று சண்டை. முதலில் வீட்டுக்குள் ஒரு நேர ஒழுங்கைக் கட்டுவோம். காலையில் இந்த மணிக்கு எழுவோம், குளிப்போம், எங்கும் போகாவிட்டாலும் நல்ல உடை உடுத்துவோம். மாலை ஏழு மணிக்குக் குடும்பச் செபமாலை. செய்தியைக் காலையில் ஒருமுறை, இரவு ஒருமுறை பார்த்தால் போதும். ஞாயிறு திருப்பலியைத் தொலைக்காட்சியில் காண்போர், சமையல் செய்துகொண்டே காணாமல், அந்த ஒரு மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டு, மெழுகுதிரி ஏற்றி, குடும்பமாக உட்கார்ந்து பங்கெடுப்போம்.

தோட்டம் போடுங்கள் என்கிறார். கொல்லையில் இடம் இருந்தால் கத்தரி, வெண்டை விதைக்கலாம். இடமில்லாதவர் பழைய வாளியில் கீரை தூவலாம். விதைக்கிற கை நாளையை நம்புகிற கை. இதோடு, கையால் செய்யும் எந்த வேலையும் தோட்டம்தான்: தையல், கூடை முடைதல், பழைய நாற்காலியைச் சரிபார்த்தல், ஆண்பிள்ளைகள் அம்மாவிடம் சமையல் கற்பது. வேலையிழந்து ஊர் திரும்பிய இளைஞர்களிடம் நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பனியன் கம்பெனியிலும் ஓட்டலிலும் கட்டட வேலையிலும் உழைத்த உங்கள் கைகள் இன்று சும்மா இருப்பது உங்கள் தவறு அல்ல. சம்பளம் நின்றதால் உங்கள் மதிப்பு நின்றுவிடவில்லை. பெற்றோரே, சாப்பாட்டுத் தட்டின்முன் அவர்களைக் குத்திப் பேச வேண்டாம்.

குடும்பமாக வாழுங்கள் என்கிறார். ஐந்து மாதமாக ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். சில வீடுகளில் இது வரமாயிற்று. தந்தையர் பிள்ளைகளோடு உட்கார்ந்து தாயம் விளையாடினார்கள். சில வீடுகளில் இது கொடுமையாயிற்று. குடியும் அடியும் கூடிப்போன வீடுகள் உண்டு. கணவன்மாரே, வெளியே காட்ட முடியாத பயத்தை வீட்டில் மனைவிமேல் கோபமாகக் காட்டுவது பாவம். அதற்கு எந்த ஊரடங்கும் காரணம் ஆகாது. அடிபடும் சகோதரியே, பொறுத்துப்போவதுதான் சிலுவை சுமப்பது என்று யாராவது உனக்குச் சொன்னால் அதை நம்பாதே. 181 என்ற எண்ணை அழைக்கலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பங்குத்தந்தையையும் எந்த நேரமும் அழைக்கலாம்.

நகரின் நலனை நாடுங்கள் என்கிறார். சிறைப்படுத்திய நகருக்காகவே மன்றாடச் சொன்னார் எரேமியா! அப்படியானால் நம் தெருவுக்காகவும் ஊருக்காகவும் நாம் எவ்வளவு மன்றாட வேண்டும்? முகக்கவசம் அணிவதும், காய்ச்சலை மறைக்காமல் பரிசோதனைக்குப் போவதும் பிறரன்புச் செயல்களே. நோய் கண்ட வீட்டின்முன் தகரம் அடித்து மூடியதும் அந்த வீட்டாரைக் குற்றவாளிகளைப் போலப் பார்க்கிறோம். நோயால் இறந்தவருக்குக் கல்லறையில் இடம் தர மறுத்த துயரச் செய்திகளையும் கேட்டோம். மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று மறைக்கல்வியில் படித்த நாம் அப்படிச் செய்யலாமா? தகரத்துக்கு அப்பால் இருப்பவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, வாசலில் ஒரு பை காய்கறி. இதுவே நகரின் நலனை நாடுவது.

இவ்வளவையும் செய்தாலும் துக்கம் வரும். அது விசுவாசக் குறைவு அல்ல. "நீங்கள் சரியாகச் செபிப்பதில்லை, அதனால்தான் மனம் சோர்கிறது" என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். திருப்பாடல் 13 முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எதுவரை ஆண்டவரே என்று அது மறுபடி மறுபடி கேட்கிறது. எரேமியா தாம் பிறந்த நாளையே சபித்தவர். 20ஆம் அதிகாரத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டவர் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை.

இன்றைய முதல் வாசகத்தில் வரும் எலியாவைப் பாருங்கள். ஓரேபு மலைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்? அதற்கு முன்பு ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர் அவர். ஆண்டவர் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை, கண்டிக்கவில்லை. தூங்க விட்டார். வானதூதரை அனுப்பித் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் உணவு கொடுத்தார். பயணம் நீண்டது, உனக்கு வலிமை வேண்டும் என்றார். பேசியதெல்லாம் பிறகுதான், அதுவும் சூறைக்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் அல்ல, மெல்லிய ஒலியில்.

ஆகவே, சோர்ந்திருப்பவருக்கு முதலில் சோறும் தூக்கமும் துணையும் கொடுப்போம். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, பசியில்லை, அழுகை நிற்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், அதை மறைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 104 என்ற அரசு எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. மருத்துவரிடம் போவது வெட்கம் அல்ல. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறோம்; மனத்துக்குச் சாப்பிட ஏன் தயங்க வேண்டும்? எலியாவுக்கு வானதூதர் வழியாக அப்பம் அனுப்பிய ஆண்டவர், நமக்கு மருத்துவர் வழியாக மாத்திரை அனுப்பலாம்.

வரும் சனிக்கிழமை அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. அந்த நாளோடு தொடர்புள்ள ஒருவரை நினைப்போம். வியட்நாம் நாட்டைச் சேர்ந்த வணக்கத்துக்குரிய கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். 1975ஆம் ஆண்டு, சைகோன் மறைமாவட்டத்துக்கு அவர் நியமிக்கப்பட்ட சில மாதங்களில், ஆகஸ்ட் 15 அன்று கைது செய்யப்பட்டார். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. அதனால் விடுதலைக்குத் தேதியும் இல்லை. 13 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. தேதி இல்லாத சிறை எவ்வளவு கொடியது என்று நமக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.

அவர் அங்கே ஒரு முடிவு எடுத்தார். விடுதலைக்காகக் காத்துக்கொண்டே இருக்கப்போவதில்லை. இந்த நிமிடத்தை அன்பால் நிரப்பி வாழப்போகிறேன் என்று முடிவு செய்தார். ஒரு சிறுவன் கொண்டுவந்து கொடுத்த பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், இரவு நேரத்தில், தம் மக்களுக்கு ஆறுதலாகச் சிறு சிறு சிந்தனைகளை எழுதி அனுப்பினார். வயிற்று நோய்க்கான மருந்து என்று சொல்லி அவருக்குத் திராட்சை இரசம் அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி தண்ணீரும் விட்டு அவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். உள்ளங்கையே அவருக்குத் திருக்கிண்ணம்.

நாம் நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்து எறிந்துகொண்டிருக்கிறோம். அவர் அதன் பின்பக்கத்தில் எழுதினார். விடுதலை 1988 நவம்பரில்தான் வந்தது. ஆனால் அதுவரை அவர் வாழாமல் இருக்கவில்லை.

எரேமியாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லி நிறைவுக்கு வருவோம். 32ஆம் அதிகாரத்தில், நகரைச் சுற்றிப் பகைவர் முற்றுகையிட்டிருக்கும்போது, எரேமியாவே காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கும்போது, அனத்தோத்தில் இருந்த ஒரு நிலத்தை அவர் விலைகொடுத்து வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரம் எழுதி, நெடுநாள் கெடாமல் இருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். கைப்பற்றப்படப்போகும் நாட்டில் நிலம் வாங்குகிற மனிதரைப் பார்த்து ஊர் சிரித்திருக்கும். ஆனால் இந்த நாட்டில் மீண்டும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்று ஆண்டவர் சொன்னதை அவர் நம்பினார். எப்போது என்று அவருக்குத் தேதி தேவைப்படவில்லை. அனனியாவின் நம்பிக்கைக்கும் எரேமியாவின் நம்பிக்கைக்கும் இதுதான் வேறுபாடு. ஒருவர் தேதியை நம்பினார். மற்றவர் ஆண்டவரை நம்பினார்.

இன்றைய நற்செய்தியும் இதையே சொல்கிறது. சீடர்கள் மாலையிலேயே படகில் ஏறினார்கள். எதிர்க்காற்று. இயேசு முதல் காவல் வேளையில் வரவில்லை. இரண்டாம் வேளையிலும் வரவில்லை. மூன்றாம் வேளையிலும் வரவில்லை. நான்காம் காவல் வேளையில், விடியற்காலை மூன்று மணிக்குமேல் வந்தார். அதுவரை அவர் எங்கே இருந்தார்? மலையில் மன்றாடிக்கொண்டிருந்தார். அவர்கள் துடுப்பு வலிக்க வருந்தியதை அவர் கண்டார் என்று மாற்கு கூடுதலாகச் சொல்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சீடர்களுக்கு அது தெரியாது. தெரியாமலேயே அவர்கள் துடுப்பை விடாமல் பிடித்திருந்தார்கள். ஒரே படகில் சேர்ந்தே இருந்தார்கள். நம்மிடம் இன்று கேட்கப்படுவதும் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வாசகத்தைக் கேட்டபின் அந்தத் தாயை அழைத்தோம். "அம்மா, கோவில் எப்போது திறக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. இதுவரை தேதி சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இனி காத்திருக்க வேண்டாம். நாளை மாலை அவருக்காகப் பூசை வைப்போம்" என்றோம். செவ்வாய் மாலை, காலியான கோவிலில், பீடத்தின் ஓரத்தில் கைப்பேசியை நிறுத்தி வைத்தோம். ஒரு பக்கம் அந்தத் தாயும் மகளும் பேத்தியும், வீட்டில் கணவர் படத்தின்முன் மெழுகுதிரி ஏற்றி. இன்னொரு பக்கம் வளைகுடாவில் மகன், வேலை உடையோடு. மன்றாட்டுகளில் மகன் தன் அப்பாவின் பெயரைச் சொன்னபோது குரல் உடைந்தது. நான்கு மாதமாக வராத அழுகை அது. எல்லாரும் அழுதோம்.

முடிந்தபிறகு அந்தத் தாய் சொன்னார்: "முப்பதாம் நாள் சாப்பாட்டுக்குன்னு ஒரு மூட்டை அரிசி வாங்கி வச்சிருந்தேன் சாமி. சொந்தக்காரங்க வரட்டும்னு பார்த்தேன். நம்ம தெருவுல ரெண்டு வீட்டுல வேலை இல்லாம இருக்காங்க. அவங்களுக்குக் கொடுத்திடுறேன்."

மறுநாளே கொடுத்துவிட்டார். எரேமியாவின் கடிதத்தை நாங்கள் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனால் அதன்படி நடந்தவர் அவர்தான்.

அன்பார்ந்தவர்களே, உங்கள் வீட்டிலும் ஊரடங்கு முடியட்டும் என்று எடுத்து வைத்த ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு மன்னிப்பு, ஒரு நன்றி, அண்ணன் தம்பிக்குள் பேசாமல் விட்ட ஒரு பேச்சு, ஒரு மூட்டை அரிசி. அதை இந்த வாரம் எடுங்கள். தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மன்றாடுவோமாக.

எங்கள் வானகத் தந்தையே, இது எப்போது முடியும் என்று எங்களுக்குத் தெரியாது. உமக்குத் தெரியும் என்பது எங்களுக்குப் போதும். நோயுற்றோரையும், அவர்களைக் கவனிக்கும் மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் அனைவரையும் காத்தருளும். பிரியாவிடை சொல்ல முடியாமல் பிரிந்தவர்களை உம் அரவணைப்பில் சேர்த்துக்கொள்ளும். வேலை இழந்தோருக்கு வழி காட்டும். சோர்ந்திருப்போருக்கு உணவும் உறக்கமும் ஒரு நல்ல துணையும் தாரும். நான்காம் காவல் வேளையில் வந்த உம் திருமகன் எங்கள் படகிலும் ஏறும்வரை, துடுப்பை விடாத மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.